மூலம் என்று சொல்லி வைத்தார்கள்

"...அதத்தான் நானும் கேக்குறேன், மூலத்துக்குப் போயி எவளாவது வயித்துல ஓட்டை போட்டுக்குவாளா? எங்க தெருவுல பாதிப் பேருக்கு மூலம். ஒருத்தி வயித்துலயாவது பை தொங்குதா, நீயே சொல்லு பாப்பம்!"

நான் உள்ளே நுழைந்தபோது அந்த அம்மாள் இப்படிப் பாதிப் பேச்சில் இருந்தார். கேள்வி சிஸ்டருக்கு. சிஸ்டர் மேசைமேல் ஒரு புதுப் பையை வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு அதை எப்படி ஒட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று காட்ட ஆரம்பித்திருக்கிறார். அதற்குள் இந்த வெடி. மகன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சிஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்க என்று.

அந்த அம்மாளுக்கு வந்திருந்தது மூலம் இல்லை. மலக்குடலில் கேன்சர். அந்த அறையில் அவரைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர் அவர்களுக்கு. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. மகன் டவுனில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். இரத்தம் போகிறது என்று அம்மாவை அவன்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான். டாக்டர் அவனிடமும் அவன் அப்பாவிடமும் தனியாகச் சொன்னார். அவர்கள் இருவரும் அங்கேயே, அந்த வராந்தாவிலேயே, மூலம் என்று முடிவு செய்துகொண்டார்கள். சதை எடுத்து அனுப்பியது மூலம் எந்த மாதிரி என்று பார்க்க என்று அம்மாவிடம் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தது மூலம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க. எல்லாவற்றையும் அம்மாள் நம்பினார், அல்லது நம்பியது போல் இருந்தார். டாக்டர் ஆபரேஷன் என்றார். அதற்கும் அம்மாள் சரி என்றார். பின்வழியையே மூடிவிட்டு, வயிற்றில் இடப்பக்கம் குடலைக் கொண்டுவந்து ஒரு வாய் வைப்பார்கள், இனிமேல் மலம் போக ஆயுசுக்கும் பைதான் என்று தெரிந்தபோதுதான் நின்றுவிட்டார். மூலத்துக்கு இது ரொம்ப அதிகம் என்றார். அவர் கணக்கில் அது நியாயம்தானே.

நான் யார் அங்கே என்று சொல்லிவிடுகிறேன். உப்பளம் என்கிற பகுதியில் ரவிக்கை தைக்கிறவள். எட்டாம் வகுப்போடு சரி. இதே நோய் எனக்கு வந்து, இதே ஆபரேஷன் ஆகி, என் வயிற்றிலும் பை இருக்கிறது. என்னைத் தேற்றி எழுப்பியது இந்த சிஸ்டர்தான். சொல்தா என்று இங்கே சொல்கிற சிப்பாய் வீட்டுப் பெண், அப்பாவுக்கு பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன். வீட்டில் பிரெஞ்சு பேசுவார்களாம். கோபம் வந்தால் மட்டும் நல்ல தமிழ். வெளியூரில் தங்கி இதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவர். நோயாளிகள் அவரை 'பை சிஸ்டர்' என்பார்கள். நான் தேறிய பிறகு ஒருநாள், "ஒரு அம்மா அழுதுட்டே இருக்காங்க, நான் சொன்னா கேக்கல, கொஞ்சம் வந்து உக்காருங்களேன்" என்று ஆள் அனுப்பினார். போய் உட்கார்ந்தேன். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு அங்கே போய்விடுவேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. "புண்ணுக்கு நான், பொழப்புக்கு நீங்க" என்பார் சிஸ்டர். தோல் வெந்து போனால், பை ஒழுகினால், இரத்தம் கசிந்தால் அவர். பஸ்ஸில் போகலாமா, கல்யாணச் சாப்பாடு சாப்பிடலாமா, மருமகள் மூக்கைப் பிடிப்பாளா என்றால் நான். அவர் சொன்னால், "நீங்க படிச்சவங்க, சொல்லுவீங்க" என்பார்கள். நான் சொன்னால் என் வயிற்றைப் பார்ப்பார்கள். நான் மருந்தைப் பற்றி வாய் திறந்தால் சிஸ்டர் கண்ணால் ஒரு குட்டு வைப்பார். வெயிலில் பிளாஸ்டிக் வேர்வையில் ஒட்டிக்கொள்கிறதே என்று நான் பழைய வேட்டித் துணியில் பைக்கு ஒரு உறை தைத்தேன். அதை மட்டும் பார்த்துவிட்டு, "இது என் படிப்புல இல்ல" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. பொய் சொல்லக் கூடாது. கேட்காததைச் சொல்லவும் கூடாது.

அன்றைக்குச் சிஸ்டர் மகனை வெளியே வரச் சொல்லிப் போனார். நானும் அந்த அம்மாளும் மட்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரும்மா, நர்ஸா?"

"இல்லக்கா. எனக்கும் பை இருக்குது. அதான் உங்களாண்ட பேசலாம்னு வந்தேன்."

"எங்க?"

தொட்டுக் காட்டினேன். புடவைக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை என்பதில் அவருக்கு ஆச்சரியம். கிட்ட வந்து மோந்துகூடப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாசன இல்லியே."

"ஒழுங்கா ஒட்டினா வராதுக்கா."

"அப்ப உனக்கும் மூலமா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். அந்த அம்மாள் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வார். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு என்ன என்பது. அதற்கு நான் சொல்லும் பதில் என்னைப் பற்றியதாக மட்டும் இருக்காது, அவரைப் பற்றியதாகிவிடும்.

"எனக்கு வந்தது மூலம் இல்லக்கா" என்றேன்.

"பின்ன?"

அதற்குள் மகன் உள்ளே வந்து, "வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கையைப் பிடித்து எழுப்பிவிட்டான். வாசல்வரை அந்த அம்மாள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சிஸ்டரின் முகம் சிவந்து கிடந்தது. "அவங்க புள்ள என்ன சொல்றாரு தெரியுமா? பை வெச்சிருக்கற அந்த அக்காவும் தனக்கு மூலம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எங்கம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் ரூம்ல அது நடக்காதுன்னேன்."

சரிதான் என்றுதான் தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோக்கும்போது சரியா என்று தோன்றியது. பொய்யை நம்பி ஆபரேஷனுக்குப் போகிறவள், கண் விழித்து, மருந்து ஏற்றும் வார்டில் வரிசையாக மொட்டைத் தலைகளைப் பார்க்கும்போது என்ன ஆவாள்? அது ஒரு பக்கம். ஆபரேஷனே இல்லாமல் போனால் என்ன ஆவாள்? அது இன்னொரு பக்கம். ஒரு ரவிக்கைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் வீட்டுக்காரர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கடலூர் ரோடு ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டதாம், இறங்கி முதலியார்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு சுரைக்காய். தோளில் துண்டு நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பொய்யிதானேம்மா" என்றார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றோம். ஒரே ஒரு பொய்ய சொல்லி ஒரு உசுரக் காப்பாத்தக் கூடாதா?"

பழமொழி என்றால் எனக்கு உயிர். யார் வாயிலிருந்து விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன், எதிராளிக்கு ஏற்றதாக ஒன்று எடுத்தும் விடுவேன். அன்றைக்கு அவர் முன்னால் ஒன்றும் வரவில்லை.

"நீங்க சொல்லிட்டா என்னண்ணே? உங்க வாயால."

"சொல்லலாம். அவ அக்காளுக்கும் வந்துச்சு. மாருல. ஒரு டாக்டர் பட்டுனு போட்டு ஒடச்சிட்டாரு. வூட்டுக்கு வந்தவ செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்தா. கஞ்சி குடுத்தா வாயத் தொறக்க மாட்டா. மருந்து குடுத்தா துப்பிடுவா. இவதான் பக்கத்துல இருந்து பாத்தா. நோயி எங்கம்மா கொன்னுது? அந்தச் சொல்லு கொன்னுது."

அவரே தொடர்ந்தார்.

"இப்ப இன்னா பண்றா தெரியுமா? மூலத்துக்கு யாரோ சொன்னாங்கன்னு துத்தி எலையப் பறிச்சு வதக்கித் தின்னுனு கீறா. கருணக் கெழங்கு வேற. காலையில எழுந்து வரப்பு மேட்டுல போயி எலை பறிக்கிறா. அது கெடைக்கலன்னா என்னையே பறிச்சாரச் சொல்றா. நானும் பறிச்சுக் குடுக்குறேன்மா. வேற இன்னா பண்றது? மூலம்னு சொன்னது நான்தான."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். இங்கே நோய் ஒன்று, பார்த்த வைத்தியம் இன்னொன்றுக்கு. அவர் கையாலேயே இலை பறித்துக் கொடுக்க, அவர் கண் முன்னாலேயே நாள் போய்க்கொண்டிருந்தது.

"சிஸ்டர்கிட்ட ஒரு தடவ கூட்டிட்டு வாங்க" என்றேன். "பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா பட்டுனும் ஒடைக்க மாட்டாங்க." சுரைக்காயை வைத்துவிட்டுப் போனார்.

நடந்ததைச் சிஸ்டரிடம் சொன்னேன். அக்காள் கதை அவருக்கும் புதிது. வெகுநேரம் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "அந்தப் பயம் பொய் இல்ல" என்றார் கடைசியில். "ஆனா அந்த அக்காகிட்ட பட்டுனு சொன்னவங்க, சொல்லிட்டு எழுந்து போயிருப்பாங்க. சொன்னதுக்கு அப்புறம் ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கணும். அதுக்குத்தான நீங்களும் நானும்."

அடுத்து வந்தபோது அந்த அம்மாள் இளைத்திருந்தார். ரவிக்கையின் கை தொளதொளவென்று தொங்கியது. என் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். இலை சாப்பிட்டு வயிறு பிடுங்குகிறது, இரத்தம் முன்னைவிட அதிகம். டாக்டர் பார்த்துவிட்டு, இனித் தள்ளினால் குடல் அடைத்துக்கொள்ளும், அப்போது அவசரத்தில் செய்ய வேண்டியிருக்கும், அது வேறு மாதிரி என்று வீட்டுக்காரரிடமும் மகனிடமும் சொல்லி அனுப்பினார்.

அம்மாளை அறையில் உட்கார வைத்துவிட்டு, சிஸ்டர் அவர்களோடு வராந்தாவில் நின்றார். கதவோரம் நின்ற எனக்குக் கேட்டது.

"நானா போயி சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கேட்டா மறைக்க மாட்டேன். கேக்கறதுக்கு அவங்களுக்கு ஒரு எடம் குடுங்க. நீங்க ரெண்டு பேரும் எதிர்ல நின்னா அவங்க கேக்க மாட்டாங்க."

மகன், "எங்கம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று குரலை உயர்த்தினான்.

"இப்ப ஆயிட்டுதானப்பா இருக்குது" என்றார் சிஸ்டர்.

மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வாடா, டீ குடிச்சுட்டு வரலாம்" என்று படியிறங்கிப் போய்விட்டார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

உள்ளே மூன்று பெண்கள். சிஸ்டர் மேசைக்குப் பின்னால் போகாமல், நாற்காலியை இழுத்து அந்த அம்மாளின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் அந்தப் பக்கம். அந்த அம்மாள் மடியில் கிடந்த மஞ்சள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பாதியில வுட்டுட்டுப் போனியே" என்றார் என்னைப் பார்த்து. "மூலம் இல்லன்னா உனக்கு வந்தது இன்னாது?"

சிஸ்டரைப் பார்த்தேன். அவர் தலையாட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"கேன்சர்க்கா" என்றேன்.

கை முறுக்குவதை நிறுத்தியது. அவ்வளவுதான். அலறவில்லை, விழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று எனக்குள் பதறியது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப எனக்கும் அதான்."

அது கேள்வியாக வரவில்லை. ஆனாலும் சிஸ்டர் பதில் சொன்னார். "ஆமாங்கம்மா. மலக்குடல்ல. ஸ்கேன்ல பாத்த வரைக்கும் வேற எடத்துக்குப் போகல."

"எங்கக்காளுக்கு வந்த அதுவா?"

"அதே சாதி. எடம் வேற. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நடந்துக்கும்."

"பொழைச்சுக்குவனா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆபரேஷன் பண்ணா வழி இருக்குது. அப்புறம் மருந்து ஏத்த வேண்டியிருக்கும், அதுவும் கஷ்டம்தான். பண்ணலன்னா அந்த வழி மூடிக்கும். இது மட்டும் உறுதி."

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு என்று சொன்னால் அது சிரிப்புக்கே அவமானம்.

"எம் புள்ள இருக்கறானே, தின்ன தட்ட எடுத்து வைக்க மாட்டான். போன மாசம் ஒருநாள் உக்காந்து எங்கால அமுக்கி வுட்டான். அன்னிக்கே நெனச்சேன், இது மூலம் இல்லடி, என்னமோ பெருசுன்னு. யாரும் சொல்லாத வரைக்கும் இல்லன்னு இருந்துக்கலாம் இல்ல? அதான் அந்த எலையத் தின்னுனு இருந்தேன். கசப்பு, தூ."

பிறகு கேள்விகள் வந்தன. சிஸ்டர் பக்கம் சில, என் பக்கம் சில. குனிந்து நாற்று நடலாமா என்றதற்குச் சிஸ்டர், ஆபரேஷன் ஆன புதிதில் கூடாது, பளு தூக்கவே கூடாது, பிறகு வயிற்றுக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டு பார்க்கலாம் என்றார். கோயிலுக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டார்.

"மொதல்ல போவலக்கா. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் போனேன். எல்லா வயித்துலயும் இருக்கறதுதான், எனக்கு வெளியில இருக்குது. சாமிக்கு உள்ள வெளியன்னு இருக்குதா இன்னா?"

"உம் புருஷன்?"

சட்டம் சட்டம்தானே. "நல்லாத்தான் இருக்காரு. ஆனா இன்னிய வரைக்கும் கண்ணால பாத்தது இல்ல. நான் மாத்தும்போது வெளியில போயிடுவாரு."

தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தவர் போல. பிறகு என் புடவைக் கொசுவத்தைக் கண்ணால் காட்டி, "எனக்குக் காட்டு" என்றார். சிஸ்டர் எழுந்து கதவுக்குத் தாழ் போட்டார். காட்டினேன். மூக்கைப் பிடிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. பைக்குள் சிவப்பாகத் தெரிந்த அந்தச் சின்ன வாயை, பிறந்த கன்றுக்குட்டியைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்தார். "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "சரி, மூடு" என்றார்.

எழுந்து மூலையிலிருந்த குழாயில் முகம் கழுவினார். முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம்."

சிஸ்டர் பதறிப்போனார். "அம்மா, வேணாம். அவங்களாண்ட பேசிடுங்க. எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே சுமக்க முடியாது. என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய்ய நீ சொல்லாத தாயி. நான் சொல்லிக்கிறேன். அந்த மனுஷன் எங்கக்கா செத்ததப் பாத்தவரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, நான் ஒவ்வொரு வாய் சாப்புடறதையும் பாத்துனே உக்காந்திருப்பாரு. அவர யாரு பாக்கறது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். இது புண்ணா, பிழைப்பா, யார் பதில் சொல்ல வேண்டியது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அந்த அம்மாள் தாழை நீக்கிக்கொண்டு வெளியே போனார். படியின் கீழே, சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், வீட்டுக்காரர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மகன் செல்போனை வெறுமனே அமுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"இன்னாய்யா முழிக்கிற? மூலம் முத்திப்போச்சாம். எலைக்கெல்லாம் அடங்காதாம். அந்த சிஸ்டரு புரியும்படியா சொன்னா. பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த டீ வேட்டியில் சிந்தியது.

"ஊத்திக்காதய்யா" என்று கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்சம் இருந்ததை அந்த அம்மாள் ஒரே மடக்கில் குடித்தார். கிளாஸை மகனிடம் கொடுத்துவிட்டு, அட்மிஷன் போடும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று அங்கே நின்ற யாரையோ கேட்டுக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் நடந்தார்.